இழுக்கும் வண்டி எறியும் கல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும், கிழக்கேயுள்ளதை எழுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஆரையம்பதியிலிருந்து அக்கரை செல்வோர் முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்துநிற்பர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அக்கவலை ஒழிந்தது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கு இன்று வீட்டு வாசலிலிருந்தே வாகனத்திற் செல்லலாம்.

எங்கள் குடும்பமும் ஒருமுறை அவ்வாறே சென்றது. இரவு தங்குவதற்கென ஒரு சிறு கூரைப் பெட்டியைத் தம்பி தன் ஜீப்பின் பின்னே பூட்டியிருந்தான். தரிசனம் முடிந்ததும் உறவினரின் வயல்வாடியை நோக்கிக் கிறவல் வீதியில் விரைந்தோம். இறங்கிப் பார்த்தபோது பெட்டியின் அடியிலிருந்த தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தது. தாங்கியில் ஒரு சொட்டு நீரும் இல்லை. முன்பலகையெங்கும் அம்மைத் தழும்புபோல வடுக்கள். அன்றிரவு அம்மா மருந்து குடிப்பதற்கும் அயலாரிடம் நீர் கேட்க நேர்ந்தது.

"எதிரே வந்த லொறி எறிந்த கல்லாக இருக்கும்" என்றான் தம்பி. அவ்வீதியில் எதிரே ஒரு வாகனமும் வரவில்லையே! கல்லை எறிந்தது எங்கள் ஜீப்பேதான்.

சில்லின் பள்ளங்களிற் சிக்கிய கல், சில்லுச் சுழலும் வேகத்திலேயே பின்னே வீசப்படக்கூடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும் என்பதை மாணவர் அறிவர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை 30 ஆகக் குறைத்தால் அவ்வாற்றல் காற்பங்காகிவிடும். ஆதலின் முதற்காவல் ஓட்டுநரின் காலிலேயே இருக்கிறது.

அடுத்த காவல் இழுக்கும் வண்டியில் அமைய வேண்டும். பின்சில்லுகளின் அகலம் முழுவதையும் மறைக்குமாறு தடித்த றப்பர்த் தட்டிகளைத் தொங்கவிடுக. அவை நிலத்தில் உராயவோ புகைக்குழாயைத் தொடவோ கூடாது. அதன்பின்னரே பெட்டியைக் கவனிக்க வேண்டும். முன்பலகையின் கீழ்ப்பாதிக்கு அலுமினியத் தகடு பொருத்தி, நீர்க்குழாயையும் மின்கம்பியையும் வலிய காவற்குழாய்க்குள் அடக்குக. படங்கு கட்டுவோர் இறுகக் கட்டுதல் வேண்டும். காற்றிற் படபடக்கும் படங்கு, இடையிற் புகும் மணலோடு சேர்ந்து வர்ணத்தை அரத்தாள்போலத் தேய்த்துவிடும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழும் நமக்கு உப்புக்காற்று இன்னொரு பகை. வர்ணம் பெயர்ந்த இரும்பு விரைவிற் துருவேறும். வீடு திரும்பியதும் நன்னீரிற் கழுவி, உலர்த்தி, வடுக்களுக்கு வர்ணம் பூசுதல் நலம்.

இப்பொழுது தம்பியின் ஜீப் கிறவலில் மெதுவாகவே ஊர்கிறது. "பெட்டி பழுதாகும் என்ற பயமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமே, அண்ணா" என்றான்.