பதாகை உணர்த்தும் பாடம்

அருங்காட்சியகம் என்றதும் பழங்காசுகளும் சிற்பங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. துணிப் பதாகைகளைப் பெருஞ்செல்வமாகப் போற்றும் அருங்காட்சியகமும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து மக்கள் வரலாற்று அருங்காட்சியகமே அது. தொழிலாளரும் வாக்குரிமை வேண்டியோரும் ஊர்வலங்களில் ஏந்திய பதாகைகள் அங்கே பேணப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று, 1908-இல் மான்செஸ்டர் மாதர் வாக்குரிமை கோரி உயர்த்தியது. பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அதனை அருங்காட்சியகம் 2017-இல் பெற்றது. பெண்களில் ஒரு பகுதியினர்க்கு வாக்களித்த 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூற்றாண்டாகிய 2018-இல் மக்கள் பார்வைக்கு வைத்தது. அதில் நெடிய சொற்பொழிவு எதுவும் இல்லை. ஊரின் பெயர், போராட்டத்தில் தாமே முதல்வர் என்னும் பெருமிதம், இயக்கம் தோன்றிய 1903-ஆம் ஆண்டு, நிறுவிய பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் பெயர் ஆகியனவே உள்ளன.

குடிமைப் பொறுப்பை உணர்த்தப் பதாகைகள் அமைக்க முனையும் எவர்க்கும் இதில் பாடம் உண்டு. நடந்து செல்பவர் நின்று படிப்பதில்லை. ஆகவே சொற்கள் சிலவாக வேண்டும். எழுத்தும் பின்னணியும் நிறத்தால் மாறுபட்டுத் தொலைவிலும் தெளிய வேண்டும். எழுத்தறியாதார்க்குப் படமே துணை. நம் நாட்டில் 1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனிப்பெட்டி வைத்து அதில் சின்னம் ஒட்டியதன் கருத்தும் இதுவே. யாவற்றினும் மேலாக, பதாகை ஒரு செயலைச் சுட்ட வேண்டும். ‘வாக்களிப்பது கடமை’ என்றால் தலையசைத்துப் போவர். ‘உங்கள் பெயர் பட்டியலில் உளதா?’ என்றால் வீடு சென்று தேடுவர்.

இவ்வினா பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கே மிகவும் உரியது. குழாய் நீரும் தெருவிளக்கும் பிள்ளைகளின் பள்ளியும் நாம் வாழும் நகரில். நம்மில் பலர்க்கு வாக்கு மட்டும் விட்டு வந்த ஊரில்! விடுமுறை கிட்டாவிடில் அதுவும் வீணே. வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயர் பதிய 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழிவகுக்கிறது. இரு தொகுதிகளில் பதிதல் ஆகாது. வீடு மாறியோர்க்கென 8-ஆம் படிவம் உள்ளது.

2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் சங்க வாயிலில் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் அவ்வொரு வினாவைத் தாங்கிய பதாகை தொங்கட்டும். அதன் கீழே ஒரு மேசையும், சில படிவங்களும், நிரப்ப உதவும் இளைஞர் இருவரும் இருத்தல் வேண்டும்.