கடலைக்கு ஒரு மூலை!

பிள்ளைகளே, காலை எட்டு மணிக்கு உங்கள் வீடு எப்படி இருக்கும்? ஒருவர் சாக்ஸ் தேடுவார். ஒருவர் டிபன் டப்பாவை மூடுவார். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று ஒரு குரல் ஓயாமல் கேட்கும். எட்டரை மணிக்குக் கதவில் பூட்டு. அதன் பிறகு மாலை நாலரை வரை வீடு வெறிச்சென்று கிடக்கும்.

அந்த வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தால், அந்த எட்டு மணி நேரம் அது எங்கே இருக்கும்? என்ன செய்யும்?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டு மாடியிலேயே எழுந்தது. திருச்சியில் நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். மாடியில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் ஏழாம் வகுப்பு, தங்கை நான்காம் வகுப்பு. சென்ற செப்டம்பரில் நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். மூன்று மாதம்கூட நிறையாத குட்டி. வறுத்த வேர்க்கடலை நிறம். அதனால் பெயரும் கடலை!

முதல் திங்கட்கிழமை அதைப் பால்கனியில் விட்டுவிட்டுப் போனார்கள். காற்று வரும், வெளிச்சம் வரும், வேடிக்கை பார்க்கும் என்று நினைத்தார்கள். பத்து மணி வரை குரைத்தது. பிறகு அழுதது. பதினொரு மணிக்கு அது எழுப்பிய சத்தம் வேறு மாதிரி இருந்தது. நான் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே கடலையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. நுழைத்த தலையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. மேல்வெயில் நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

நல்ல வேளை, மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. தேங்காய் எண்ணெய்யைக் காதிலும் கழுத்திலும் தடவி, ஒவ்வொரு காதாக மடக்கி, மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். என் கையில் இரண்டு இடத்தில் நகக்கீறல். கடலை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் அது போதாது.

அன்று மாலை இரண்டு பேரும் என்னிடம் ஓடி வந்தார்கள்.

"டீச்சர் பாட்டி, நாளையிலிருந்து சங்கிலி போட்டுக் கட்டிட்டுப் போகலாம்னு அப்பா சொல்றார். கட்டினா தலையை விடாதுல்ல?" என்றான் அண்ணன்.

எனக்குச் சங்கிலி என்றதுமே மணியின் நினைவு வந்துவிட்டது.

1984-இல் லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் ஆசிரியை. திண்ணை வைத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தேன். மணி என்று ஒரு குட்டி வளர்த்தேன். தெருவுக்கு ஓடிவிடக் கூடாதே என்று சந்தையில் சங்கிலி வாங்கி, திண்ணைத் தூணில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். ஒருநாள் தெருவில் பூனை ஓடியிருக்கிறது. மணி திண்ணையிலிருந்து குதித்திருக்கிறது. சங்கிலி குட்டை. முன்னங்கால் தரையைத் தொடவில்லை. கழுத்தில் தொங்கியது. அந்த நேரம் நான் மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வயலிலிருந்து அன்று சீக்கிரம் திரும்பிய பக்கத்து வீட்டு அம்மா பார்த்துத் தூக்கிவிட்டார். மணி பிழைத்தது. ஆனால் பல நாள் அதற்குக் குரல் எழவில்லை. சங்கிலிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அந்தச் சங்கிலியைப் பேரம் பேசி வாங்கியவள் நான்தான்.

இதைக் கேட்டதும் தங்கையின் முகம் வாடிவிட்டது. ஆள் பார்க்காத நேரத்தில் குட்டியைக் கட்டி வைப்பது ஆபத்து என்பதற்காகத்தான் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டிலிருந்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மிகக் குட்டையான, மிகக் கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டி வைப்பது அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி கொடுமை. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் அதே பிரிவில் வருகிறது. அண்ணன் மாடிக்கு ஓடி, இதை அப்பாவிடம் ஒப்பித்துவிட்டு வந்தான்!

"அப்ப கூண்டு வாங்கலாமா?" என்று அப்பாவே இறங்கி வந்து கேட்டார்.

கூண்டு கெட்டதல்ல. குட்டி உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். கதவைத் திறந்தே வைத்து, உள்ளே பழைய துணி விரித்தால் தானாகப் போய்த் தூங்கும். ஆனால் எட்டு மணி நேரம் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல. கோழிக்குஞ்சைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது பருந்துக்குப் பயந்து, கொஞ்ச நேரத்துக்கு. நாள் முழுக்கக் கவிழ்த்தால் குஞ்சு என்ன ஆகும்? குட்டிக்குத் தேவை ஒரு மூலை. சுற்றிவர நாலு எட்டு நடக்க இடம், ஆனால் ஆபத்து எதுவும் எட்டாத இடம்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே அவர்கள் வீட்டில் ஒரு நடை இருந்தது. ஜன்னல் உண்டு, வெயில் விழாது. மின்சாரம் நின்று மின்விசிறி ஓடாவிட்டாலும் காற்று வரும். இரண்டு பக்கமும் தச்சரிடம் சொல்லி மரத்தடுப்பு வைத்தார்கள். சட்டங்களுக்கு நடுவே குட்டியின் தலை நுழையாத அளவு நெருக்கம். பால்கனிப் பாடம் அது!

அடுத்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டேன். "இரண்டு பேரும் முட்டி போட்டுத் தவழுங்கள். கடலையின் கண்ணால் பாருங்கள். வாயில் போடக்கூடியது எது தெரிந்தாலும் எடுத்து வாருங்கள்" என்றேன். கால் மணி நேரத்தில் ஒரு தட்டு நிறைந்துவிட்டது. ஒரு ஹேர்பின். பொத்தான் இரண்டு. அலமாரிக்கு அடியிலிருந்து அந்துருண்டை. அப்பாவின் தலைவலி மாத்திரை. பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சை ஒன்று. சுவரோரம் தொங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரை எடுத்துவர முடியாததால் தங்கை அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தத் தட்டைப் பார்த்து அவர்களின் அம்மா பயந்துபோனார். பயப்பட வேண்டியதுதான். நமக்குக் காய்ச்சல் மாத்திரை மருந்து. நாய்க்கு அதுவே விஷமாகலாம். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எல்லாம் நாய்க்கு ஆகாதவை. எலி மருந்தும் அந்துருண்டையும் கேட்கவே வேண்டாம். வாசலில் அரளிச் செடி இருந்தால் அதன் இலையும் விஷம். பினாயில் போட்டுத் துடைத்த தரை காயும் முன் குட்டியை விடக் கூடாது; அது நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே பெரியவர்களிடம் சொல்லி உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். காத்திருந்து பார்க்கலாம் என்பது வேண்டாம்.

சரி, எதைத்தான் கடிக்கும்? கடிக்காமல் இருக்கச் சொல்ல முடியாது. நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்று, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் பெரிய பற்கள் 42 முளைத்துவிடும். ஈறு நமநம என்று இருக்கும்போது செருப்பு, நோட்டு, கட்டில் கால் எல்லாம் ஒன்றுதான் அதற்கு. நான் சொன்னபடி கெட்டியான ரப்பர் பொம்மை இரண்டு வாங்கினார்கள். வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு பெரியவை. ஒன்றின் நடுவே குழி. அதில் அதன் உணவையே கொஞ்சம் அடைத்துக் கொடுத்தால் நக்கி நக்கி எடுப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடும். வேகவைத்த கோழி எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிம்புச் சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கடலை முதல் நாளே கவிழ்த்தது. இரண்டாம் நாளும் கவிழ்த்தது. என்னிடம் யாரும் அரைக்காத சின்னக் கல்லுரல் ஒன்று கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி வைத்தோம். இன்றுவரை கவிழவில்லை!

கழுத்துப் பட்டையையும் தனியாக இருக்கும் நேரத்தில் கழற்றிவிட்டார்கள். தடுப்பில் மாட்டிக்கொண்டால் யார் எடுத்துவிடுவது?

இவ்வளவும் செய்தும் ஒரு கணக்கு உதைத்தது. குட்டியின் வயது எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அது சிறுநீரை அடக்கும். மூன்று மாதக் கடலைக்கு மூன்று மணி. வீடு பூட்டியிருப்பதோ எட்டு மணி. தவிர, இந்த வயதில் அதற்கு ஒரு நாளில் மூன்று, நான்கு வேளை சாப்பாடு வேண்டும். எந்தத் தடுப்பும் எந்தப் பொம்மையும் இந்தக் கணக்கைச் சரி செய்யாது. நடுவே ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். அந்த ஆள் நான்தான். பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் படியேறுவேன். என் முழங்காலுக்கு அது பிடிக்கவில்லை, கடலைக்குப் பிடித்தது. உங்கள் வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, யாரும் அப்படி வர வழியில்லை என்றால், குட்டி வாங்குவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படுக்கைக்கு எதிர் மூலையில் செய்தித்தாள் விரித்தோம். படுக்கும் இடத்தை அசிங்கம் செய்ய நாய்க்குட்டிக்கே பிடிக்காது. நாலைந்து நாளில் தாளைப் பழகிக்கொண்டது.

தனியாக இருக்கவும் பழக்க வேண்டும். அதற்குக் காலாண்டு விடுமுறை கைகொடுத்தது. முதலில் நன்றாக விளையாட வைத்து, சிறுநீர் கழிக்க வைத்து, பொம்மையோடு நடையில் விடுவார்கள். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புவார்கள். பிறகு ஐந்து நிமிடம். பிறகு கால் மணி. போகும்போது "டாட்டா கடலை, அழாதே கடலை" என்ற நாடகம் கிடையாது. வந்ததும் கட்டிப்பிடித்துக் கூத்தும் கிடையாது. தங்கைக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. பள்ளி திறக்கும்போது இரண்டு மணி நேரம் அழாமல் இருந்தது. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். பயம் போய்விட்டால் பாதி நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும்.

நவம்பரில் ஒரு விபரீதம். யாரோ தடுப்பின் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டார்கள். இரண்டரைக்கு நான் போனபோது கடலை ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் அண்ணனின் கணக்கு நோட்டு பஞ்சு பஞ்சாகக் கிடந்தது. மாலையில் வந்தவன், "ஏய்!" என்று கத்தினான். கடலை காதை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கொண்டு, வாலை உள்ளே செருகிக்கொண்டது.

"பாருங்க பாட்டி! தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது!" என்றான்.

தெரியுமா? அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து எழுதினார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டுப் போவார். அவர் திரும்பும்போது, நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ சொல்வார்கள். சில முறை அது பொய்! தின்னாத நாய்க்கும் திட்டு விழும். அப்போது அந்தத் தின்னாத நாயும் குற்றவாளிபோலவே முழித்தது. தப்புச் செய்ததால் வரும் முகம் அல்ல அது. திட்டுவதால் வரும் முகம். மதியம் கிழித்த நோட்டுக்கு மாலையில் திட்டினால், "இவர்கள் வீட்டுக்கு வந்தாலே திட்டுவார்கள்" என்றுதான் குட்டி நினைக்கும்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தாழ்ப்பாள் நான்தான் போடலை" என்றான் மெதுவாக. அன்று இரவு பத்து மணி வரை கணக்கு எழுதினான்.

இப்போது கடலைக்குப் பற்கள் நாற்பத்திரண்டும் முளைத்துவிட்டன. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் போட்டாகிவிட்டது. காலையில் அப்பா அரை மணி நேரம் தெருவில் நடத்திக் கூட்டிப் போகிறார். நானும் ஒரு வேளைதான் படியேறுகிறேன்.

நாலரை மணிக்குப் பள்ளி வாகனச் சத்தம் கேட்டதும் கடலை குரைக்கத் தொடங்கும். குரைக்கும்போது கதவைத் திறந்தால், குரைத்தால் கதவு திறக்கும் என்று பழகிவிடுமாம். அதனால் இரண்டு பேரும் பூட்டைத் திறக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். தங்கை விரல் விட்டு எண்ணுவாள். நேற்று ஏழு எண்ணுவதற்குள் சத்தம் நின்றுவிட்டதாம். கீழே வந்து சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு முறுக்கும் வாங்கிக்கொண்டு ஓடினாள்.