குருவின் வாசலில் காத்திருந்த நர்த்தகி

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டில்லி ராஷ்டிரபதி பவனில் பத்ம விருதுகள் வழங்கப்பட்டன. அப்போது குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்திடமிருந்து பத்மஸ்ரீ பெற்றவர்களுள் ஒருவர், மதுரையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ். திருநங்கை ஒருவருக்குப் பத்ம விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஊரை விட்டு வந்து உழைப்பால் நிலைபெறுவது என்றால் என்ன என்பதை அந்தமான் தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. சென்னையில் கப்பலேறி வந்து, கூலி வேலையிலும் குமாஸ்தா வேலையிலும் அமர்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கடிதம் எழுத ஒரு வீடும், திரும்பிப் போக ஓர் ஊரும் இருந்தன. நர்த்தகி நடராஜுக்கு இளம் வயதிலேயே அது இல்லாமல் போயிற்று.

சினிமா தந்த ஆசை

மதுரை அனுப்பானடியில் 1964-இல் பிறந்தவர் அவர். ஆண் பிள்ளை என்று பெயரிட்டு வளர்க்கப்பட்டாலும், நினைவு தெரிந்த நாள் முதல் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தார். அதே மன நிலையில் அவருக்கு ஒரு தோழி வாய்த்தார். அவர்தான் சக்தி பாஸ்கர். இன்ப துன்பங்கள் அனைத்திலும் இருவரும் இணைபிரியாமல் நின்றனர்.

நாட்டிய வகுப்புக்குப் போக வழியில்லாத அந்தப் பிள்ளைகளுக்குச் சினிமாவே பள்ளிக்கூடம் ஆயிற்று. வைஜயந்திமாலா, பத்மினி ஆகியோரின் ஆட்டத்தைத் திரையில் பார்த்து, யாரும் இல்லாத இடத்தில் அதையே ஆடிப் பார்ப்பார்கள். வீட்டாரும் ஊராரும் அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏச்சும் கேலியும் பொறுக்க முடியாமல், இருவரும் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினர். கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து வயிற்றைக் கழுவிய நாளிலும் நாட்டிய ஆசையை அவர்கள் விடவில்லை.

தஞ்சையில் தவம்

வைஜயந்திமாலாவுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்தவர் தஞ்சாவூர் கே. பி. கிட்டப்பா பிள்ளை என்று அறிந்ததும், கற்றால் அவரிடமே கற்பது என்று முடிவு செய்தனர். இது சாமானிய ஆசை அல்ல. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழித்தோன்றல் கிட்டப்பா பிள்ளை. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று வளர்ந்து தில்லானாவில் முடிகிறதே இன்றைய நாட்டியக் கச்சேரி, அந்த முறையை இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் வகுத்துத் தந்தவர்கள் அந்த நால்வரே.

அப்பேர்ப்பட்ட பரம்பரையின் ஆசானிடம், பணமோ சிபாரிசோ இல்லாத இரண்டு திருநங்கைகள் போய் நின்றார்கள். குரு உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த பிறகே 1984-இல் பாடம் தொடங்கிற்று. அதன்பின் 1999-இல் குரு காலமாகும் வரை, பதினைந்து ஆண்டுகள் குருகுல வாசம். 'நர்த்தகி' என்ற பெயரும் குரு சூட்டியதுதான்.

நட்டுவனாரின் தட்டுக்கழி தட்டுமனையில் விழும் வேகத்துக்கு, அரைமண்டியில் அமர்ந்து அடவுகளை ஆயிரம் முறை ஆடிப் பழக வேண்டும். வர்ணம் ஒன்றே அரை மணிக்கு மேல் நீளும். காலில் ஜதியும் கையில் முத்திரையும் முகத்தில் பாவமும் ஒன்றையொன்று விட்டுவிடக் கூடாது. இங்கே இரக்கத்துக்கு இடமில்லை. ஆடத் தெரிந்தால் மேடை உண்டு; தெரியாவிட்டால் இல்லை. அவரை ஆளாக்கியது இந்தக் கண்டிப்பே.

நாயகி பாவம்

நர்த்தகி நடராஜின் தனிச் சிறப்பு நாயகி பாவம் ஆகும். இறைவனைத் தலைவனாகவும் தன்னைத் தலைவியாகவும் கருதிப் பாடுவது தமிழ்ப் பக்தி மரபு. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். திருவாசகத்திலும் அந்த உருக்கத்தைக் காணலாம். இந்தப் பாடல்களையும் சங்கப் பாடல்களையும் அவர் நாட்டியமாக்கி மேடையேற்றினார். தெலுங்குப் பதங்களே மிகுதியாக ஒலித்த அரங்குகளில், தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடத்தைத் தேடிக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஆண் பெண்ணாகி ஆடுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடும் ஒன்று. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவில் ஆண்களே பெண் வேடம் ஏற்று ஆடுவர். மேடையில் அதைக் கண்டு கைதட்டிய அதே சமுதாயம், மேடையை விட்டு இறங்கியபின் அப்படியே வாழ விரும்பியவரைத் தெருவில் நிற்க வைத்தது. நர்த்தகி நடராஜ் போராடியது இந்த முரண்பாட்டோடுதான்.

தேடி வந்த சிறப்புகள்

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் குருவுக்கு உதவியாக இருந்து கற்பித்த அனுபவம் அவருக்கு உண்டு. பின்னர் சக்தி பாஸ்கருடன் சேர்ந்து 'வெள்ளியம்பலம்' என்ற நாட்டிய அமைப்பை நிறுவி, மாணவ மாணவியரைப் பயிற்றுவித்தார். தமிழக அரசின் கலைமாமணி விருதும், 2011-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் அவரை வந்தடைந்தன. 2021-இல் தமிழக அரசு அவரை மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராக நியமித்தது. ஒரு காலத்தில் ஊர் ஒதுக்கியவர், மாநிலத்தின் திட்டங்கள் குறித்து யோசனை சொல்லும் இடத்தில் அமர்ந்தார்.

அதே 2021-இல் கர்நாடகத்தின் ஜோகதி நடனக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதிக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவரும் திருநங்கை, அவரும் வீட்டை இழந்து, ஆட்டத்தால் வாழ்வு பெற்றவர். ஒருவர் ஆடியது செவ்வியல் நாட்டியம், மற்றவர் ஆடியது கிராமியக் கலை. இருவரையும் கரை சேர்த்தது கற்ற வித்தையே.

சட்டமும் வீடும்

சட்டமும் மெல்ல மெல்ல மாறி வந்தது. தமிழகத்தில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பு வழங்கிற்று. ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களுக்கும் குடிமக்கள் என்ற முறையில் எல்லா உரிமையும் உண்டு என்பது அதன் சாரம். 2019-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் உட்பட நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டதாகும்.

ஆனால் சட்டம் வாசல்படி வரைதான் வரும். அதற்கு உள்ளே பெற்றோரின் மனம்தான் சட்டம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரானாலும் சரி, மதுரையானாலும் சரி, தன் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் இல்லை என்று கலங்கும் தாய் தந்தையர் எங்கும் இருக்கக் கூடும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம், தாயகத்தை விட்டு வந்த சிறு சமூகத்தில் இன்னும் அதிகம். எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்களாயிற்றே.

அவர்கள் நர்த்தகி நடராஜின் வாழ்க்கையிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுதான். அவருக்குக் கிட்டப்பா பிள்ளை கிடைத்தார், தோள் கொடுக்கச் சக்தி பாஸ்கர் கிடைத்தார். வீட்டை விட்டு வெளியேறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. வித்தை கற்கும் வயதில் பிழைப்பு தேடி அலைய நேராமல், பிள்ளைக்கு வீட்டிலேயே இடம் கொடுப்பது பெற்றோரின் கையில் இருக்கிறது.