அம்மாவின் சேவைக்காலப் பணத்தில் ஒரு பழைய கார்

பூனாகலைப் பகுதித் தோட்டமொன்றில் 30 வருடங்கள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு தாய் என்னிடம் கேட்டார். "மிஸ், மகன் ஒரு பழைய மாருதி கார் பார்த்து வச்சிருக்கான். ஒன்பது இலட்சமாம். ஹயர் ஓடலாம்னு சொல்றான். அந்த விலைக்குப் பெறுமா?"

கார் வாங்குவது ஆண்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் காசு யாருடையது? நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவைக்காலப் பணம் ஒரு வருடத்துக்கு 14 நாட் சம்பளம் என்பது சட்டம். அந்தத் தாய் ஓய்வு பெற்றபோது நாட்சம்பளம் 1350 ரூபா. 30 வருடத்துக்கு 420 நாள். ஐந்து இலட்சத்து அறுபத்தேழாயிரம் ரூபா. மீதியை ஊழியர் சேமலாப நிதியிலிருந்து போடவேண்டும். ஒன்பது இலட்சம் என்பது அவர் மலையில் நின்ற 667 நாட்கள். இப்படிக் கணக்குப் பார்த்தால், கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பது தானாகவே விளங்கும்.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான், அதிக வரியோடு, மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. ஆகவே விலை கூடுதல் என்பதால் கார் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது பத்து வயதைத் தாண்டிய கார்தான்.

முதலில் காரைப் பார்க்காதீர்கள், புத்தகத்தைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர் விற்பவருடையதா? லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா? எஞ்சின், செசி இலக்கங்கள் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? "ஓப்பன் பேப்பர்தான், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றையும் கேளுங்கள். ஹயர் ஓடுவதானால் இன்சூரன்ஸிலும் அப்படியே எழுதப்பட வேண்டும்.

அடுத்தது கார். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்கவேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றும்போது பால் தேநீர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகந்தான்.

நம்முடைய மழையும் பனிமூட்டமும் இரும்பைத் தின்பவை. கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவுகளின் அடிப்பகுதியில் ஒரு சிறு காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் துருவின்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கலாம்.

பண்டாரவளைக்குப் போனாலும் கொஸ்லந்தைக்கு இறங்கினாலும் நமது பாதை வளைவுதான். ஆகவே எஞ்சினைவிட பிரேக்கே முக்கியம். பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டால் ஏற்றத்தில் கார் அசையாமல் நிற்கவேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, விற்பவருக்குத் தெரிந்த பாஸை விட்டு, உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரிடம் காட்டுங்கள். செய்யவேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகத் துண்டில் எழுதி வாங்குங்கள். கேட்கும் விலையோடு அந்தத் தொகையையும் கூட்டினால் வருவதுதான் காரின் உண்மையான விலை.

அந்தத் தாயின் மகன் பார்த்த காரில் பிரேக் கசிவும் தரையில் துருவும் இருந்தன. பாஸின் கணக்கு ஒன்றரை இலட்சம். அதையாவது பேசிக் குறைத்திருக்கலாம். ஆனால் புத்தகத்தில் இருந்தது விற்பவருக்கும் முந்திய ஒருவரின் பெயர். அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தாய் வேண்டாம் என்றார். மகன் இரண்டு கிழமை முகங்கொடுத்துப் பேசவில்லை.

"பிள்ளைக்கு ஒரு தொழில் வேணும்தானே மிஸ், நானே கெடுத்துட்டேனா?" என்று கண் கலங்கினார். இல்லை அம்மா. காசு வங்கியில் இருக்கும்வரை இன்னொரு கார் பார்க்கலாம். இப்போது மகன் பார்த்துவரும் ஒவ்வொரு காருக்கும் அவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: "புத்தகம் யார் பேர்ல இருக்கு?" அதற்குப் பிறகு இன்னொன்று: "என் பேருக்கு மாத்தித் தருவாங்களா?"

சகோதரிகளே, இரண்டாவது கேள்வியையும் மறவாமல் கேளுங்கள்.