‘முழு’ என்னும் பெயரடையும் ஆங்கில ‘ஹோல்’ என்னும் சொல்லும்: பொருளும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் ‘ஹோல்’ என்னும் பெயரடைக்குத் தமிழில் ‘முழு’ என்று ஒற்றை நிகர் தருவது வழக்கம். இவ்விரு சொற்களின் பொருட்பரப்பு ஓரளவே ஒத்துப்போகிறது என்பதையும், வேறுபடும் இடங்களில் மொழிபெயர்ப்பின் பொருளே மாறிவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முழு, முழுவதும், முற்றும்மை, பெயரடை, மொழிபெயர்ப்பு

முன்னுரை

‘ஹோல்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹால்’ என வழங்கியது. நலமுற்ற, காயமற்ற என்பதே அதன் தொடக்கப் பொருள். உடல்நலத்தையும் குணமாதலையும் புனிதத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இதன் உறவுச் சொற்களே. எழுத்தில் இதன் முன் நிற்கும், ஒலிக்கப்படாத ‘டபிள்யூ’ ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், நோயுற்றிருந்தவன் குணமடைந்ததை இச்சொல் குறிக்கிறது. தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ‘சொஸ்தம்’ என்னும் சொல்லை ஆள்கிறது. ‘முழு’ அங்குப் பொருந்தாது. தமிழில் அச்சொல் நலத்தைச் சுட்டுவதில்லை.

எதிர்ச்சொல் காட்டும் பொருள்

‘முழு’ எந்தப் பொருளில் வந்துள்ளது என்பதை அதன் எதிர்ச்சொல்லைக் கொண்டு அறியலாம்.

1. உடையாமை: முழு உளுந்து × உடைத்த உளுந்து.
2. அளவு நிறைவு: முழுக்கைச் சட்டை × அரைக்கைச் சட்டை, முழு ஆண்டுத் தேர்வு × அரையாண்டுத் தேர்வு.
3. பகுதியன்மை: முழுநேர ஆய்வாளர் × பகுதிநேர ஆய்வாளர்.
4. மிகுதி: முழு மூடன், முழுப்பொய்.

நான்காம் வகைக்கு நேர் எதிர்ச்சொல் இல்லை. இங்கு ‘முழு’ பிரிவின்மையைக் குறிக்காமல் தன்மையின் உச்சத்தைக் குறிக்கிறது. ‘அரை மூடன்’ என்பார் இலர்.

சொல் நிற்கும் இடம்

ஆங்கிலச் சொல் பெயருக்கு முன் நின்றே இரு பொருளையும் தரும். தமிழ் அவற்றைச் சொல்லிடத்தால் பிரிக்கிறது. ‘முழுத் தேங்காய் வாங்கினான்’ என்றால் உடைக்காத தேங்காய். ‘தேங்காய் முழுவதையும் துருவினான்’ என்றால் எச்சமின்றித் துருவினான். இரண்டாம் தொடரில் ‘முழுத் தேங்காயைத் துருவினான்’ என எழுதினால், உடைக்காத காயை எப்படித் துருவினான் என்ற ஐயம் எழும்.

பன்மையில் சிக்கல் மிகுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹோல்’ பன்மைப் பெயரைத் தழுவி, வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கின என வந்தால், சில ஊர்கள் முழுவதுமாக மூழ்கின என்பதே பொருள். அதனை ‘எல்லா ஊர்களும் மூழ்கின’ எனப் பெயர்த்தால், பத்து ஊர்களில் இரண்டு மூழ்கியிருப்பினும் பத்தும் மூழ்கியதாகிவிடும். வெள்ளச் சேத அறிக்கை ஒன்றில் இப்பிழை நேர்ந்தால் நிவாரணக் கணக்கே பிறழும்.

ஒட்டும் இடைச்சொல்லும்

முழுமையை உணர்த்தத் தமிழுக்குப் பெயரடை கட்டாயமன்று. தொல்காப்பியம் உம்மையின் எட்டுப் பொருள்களுள் முற்றினையும், ஏகாரத்தின் ஐந்து பொருள்களுள் தேற்றத்தினையும் கூறுகிறது. ‘நால்வரும் வந்தனர்’ என்பதில் உம்மையே எச்சமின்மையை உணர்த்துகிறது. ‘ஊரே திரண்டது’ என்பதில் ஏகாரம் அப்பணியைச் செய்கிறது. இதனை ‘முழு ஊரும் திரண்டது’ என எழுதுவது ஆங்கிலத் தொடரமைப்பின் நிழல்.

கலைச்சொல்லாக்கம்

ஆங்கிலக் கணக்கியலில் சுழியும் இயல் எண்களும் சேர்ந்த கணம் ‘ஹோல்’ என்னும் அடை பெற்றது. குறை எண்களும் சேர்ந்த கணத்தின் பெயரான ‘இன்டிஜர்’, தீண்டப்படாத, குறையாத எனப் பொருள்படும் இலத்தீன் சொல். வேர்ப்பொருளில் நெருங்கிய இரு பெயர்கள் இரு கணங்களைக் குறிக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை ‘முழு எண்கள்’ எனவும் பின்னதை ‘முழுக்கள்’ எனவும் வேறுபடுத்துகின்றன. அடையாக நின்றதைப் பெயராக்கிப் பன்மை விகுதி சேர்த்தமை நல்ல உத்தி. எனினும் வடிவ ஒப்புமையால் மாணவர் மயங்க இடமுண்டு.

முழுமையும் மாசின்மையும்: திருமுல்லைவாயில் சான்று

சென்னையின் மேற்கே அமைந்த வட திருமுல்லைவாயிலில் இறைவன் பெயர் மாசிலாமணீசுவரர். தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்க, அவன் வாளால் கொடியை வெட்டியபோது இலிங்கத்தில் வெட்டுப்பட்டுக் குருதி பெருகியது என்பது தலவரலாறு. அக்காயத்தின் பொருட்டே ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு சாத்தப்படுகிறது. சித்திரைச் சதயத்தன்று அது களையப்படும். வெட்டுத் தழும்புடைய திருமேனி ‘மாசிலா’ மணி எனப்படுவது முரணன்று. மாசு என்பது அழுக்கும் குற்றமும், உடைவு அன்று. இப்பெயரை ‘ஹோல்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால், காயமற்றது என்னும் அதன் பழம்பொருள் தலவரலாற்றையே மறுத்துவிடும்.

முடிவுரை

‘முழு’, ‘முழுவதும்’, ‘முற்றிலும்’, உம்மை, ஏகாரம், ‘மாசிலா’ போன்ற எதிர்மறை அடை ஆகிய பலவும் ‘ஹோல்’ என்னும் ஒரு சொல்லின் பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலின் இருமொழி அகராதிகள் ஒற்றை நிகரோடு நில்லாமல், எதிர்ச்சொல்லையும் தொடரில் சொல் நிற்கும் இடத்தையும் சேர்த்துத் தருதல் வேண்டும். உடையாததா, எஞ்சாததா, குறையற்றதா என்று முதலில் வினவும் மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய தமிழ்ச்சொல் தானே அமையும்.