வள்ளத்தை வீதியால் ஊருக்குக் கொண்டு வருதல்

ஊருக்குத் திரும்பும் கடற்றொழில் குடும்பங்கள் பலவற்றுக்கு, வீட்டுக் கூரைக்கு அடுத்ததாக வரும் கேள்வி வள்ளத்தைப் பற்றியது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வாங்கிய வள்ளம் அங்கேயே கரையில் நிற்கிறது. அதை எப்படி ஊருக்குக் கொண்டு வருவது? திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவு கரையோரமாகப் பார்த்தால் கிட்டத்தான். வீதியால் ஹொறவப்பொத்தானை, வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று உள்நாட்டைச் சுற்றி வந்தால் தூரம் அதிகம். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வருபவர்களும் அநுராதபுரம், மதவாச்சி வழியாகவே பெரும்பாலும் வருகிறார்கள்.

தெரிந்த ஒருவரின் பிக்கப்பில் கொளுவி இழுத்து வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முடியும். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். கடலில் வள்ளத்தின் முழு அடியையும் தண்ணீர் தாங்குகிறது. வீதியில் இரண்டு மூன்று இடங்கள் மட்டுமே தாங்குகின்றன. அலைக்கு அசையாத கண்ணாடியிழை வள்ளம் வீதிக் குழியில் வெடிப்பது அதனால்தான்.

எந்த வள்ளம், எந்த வாகனம்?

18 முதல் 23 அடி வரையான கண்ணாடியிழை வள்ளங்களைத் தகுந்த ட்ரெய்லரில் ஏற்றிப் பிக்கப்பால் இழுக்கலாம். 28 அடி அளவான மூன்றரைத் தொன் படகைப் பிக்கப்பில் கொளுவ வேண்டாம். அதற்குத் தாழ்தளப் பாரவூர்தியும் பாரந்தூக்கியும் வேண்டும்.

சிறிய வள்ளத்துக்கும் நிறையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ட்ரெய்லருக்குத் தனிப் பிறேக் இல்லாவிட்டால், பல பிக்கப்களுக்கு 750 கிலோதான் இழுவை எல்லை. உங்கள் வாகனத்தின் எல்லை அதன் கைநூலில் இருக்கும். வெறும் வள்ளம் 500 கிலோ, ட்ரெய்லர் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்போதே 800 கிலோ ஆகிவிட்டது. அதற்குள் வலை, நங்கூரம், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் போட்டால் எங்கே போய் நிற்கும்? இழுப்பது மட்டும் பிரச்சினையல்ல. இழுத்த பாரத்தை நிறுத்தவும் வேண்டும். எல்லையைத் தாண்டினால் பிறேக் உள்ள ட்ரெய்லரைத் தேடுங்கள், அல்லது லொறி பிடியுங்கள். பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து ஒரே லொறியில் இரண்டு வள்ளங்களை ஏற்றினால் கூலியைப் பங்கிடலாம். உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஏற்றுவதற்கு முன்

வள்ளத்துக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை முழுவதும் இறைத்துவிடுங்கள். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ பாரம். தண்ணீர் வடியும் துவாரத்தின் அடைப்பைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். வழியில் மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது.

வெளியிணைப்பு இயந்திரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். 25 குதிரைவலு இயந்திரம் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். அது பின்பலகையில் தொங்கியபடி ஒவ்வொரு குழியிலும் துள்ளினால் பலகை பிளந்துவிடும். எரிபொருளை வடித்து, இயந்திரத்தைப் பிக்கப்பின் பெட்டியில் சாக்கு விரித்துக் கட்டுங்கள். பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் வள்ளத்துக்குள் வைத்துக் கொண்டு வர வேண்டாம்.

அடியில் நீளமாக ஓடும் ஏரா, மரக்கட்டைகளின் மேல் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். இரு பக்கமும் சரியாமல் நீளமான பலகை கொடுத்து, பழைய ரயர்த் துண்டு அல்லது மடித்த சாக்கு வையுங்கள். கூரான இரும்பு எதுவும் வள்ளத்தில் முட்டக்கூடாது. பின்பகுதி ட்ரெய்லருக்கு வெளியே தாங்கலின்றி நீண்டு நிற்கக்கூடாது.

பாரம் எங்கே விழ வேண்டும்?

விபத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது இதுதான். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பிக்கப்பில் கொளுவும் இடத்தில் அழுத்த வேண்டும். 800 கிலோவுக்கு 80 கிலோ, அதாவது ஒரு பெரிய ஆளின் நிறை. கொளுவுவதற்கு முன் ட்ரெய்லரின் முன்முனையைத் தூக்கிப் பாருங்கள். ஒருவர் ஒரு கையால் லேசாகத் தூக்க முடிந்தால் பாரம் பின்னுக்குப் போய்விட்டது. அப்படிப் புறப்பட்டால் ட்ரெய்லர் பாம்புபோல் வளைந்து ஆடி, பிக்கப்பையும் சேர்த்துப் புரட்டிவிடும். பாரம் அளவுக்கு மீறி முன்னுக்கு வந்தால் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சில்லுகளில் பிடிப்புக் குறையும். ஸ்டியறிங் சொல் கேட்காது. வள்ளத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

முன், நடு, பின் என மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள். முன்முனையை ட்ரெய்லரோடு தனியாகவும் கட்டுங்கள். நைலோன் கயிறு ஓட ஓட இளகும். அதனால் புறப்பட்டு முதல் 10 கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். கொளுவி கழன்றாலும் ட்ரெய்லர் பிரிந்து ஓடாதபடி, அதையும் பிக்கப்பையும் இரும்புச் சங்கிலியால் இணையுங்கள்.

வீதியில்

பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள். இருட்டில் மாடும் யானையும் வீதிக்கு வரும் பகுதிகள் இவை. மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டாம். முன்னால் போகும் வாகனத்துக்கு வழமையைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். வளைவில் ட்ரெய்லர் உட்பக்கமாக வெட்டும். அகலமாக எடுத்துத் திரும்புங்கள். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் பிறேக்கை ஓங்கி அமத்தாதீர்கள். ஸ்டியறிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறைய ஆட்டமும் நிற்கும்.

வள்ளத்தின் பின்முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள். ட்ரெய்லரின் பின்விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு 30 கிலோமீற்றருக்கும் நிறுத்தி, சில்லின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் பெயாரிங் போகிறது என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் இறக்கிய ட்ரெய்லரில் இது அதிகம் நடக்கும். ஆகவே புறப்பட முன் பெயாரிங்கைத் திறந்து புதுக் கிறீஸ் போடுங்கள். உதிரிச் சில்லொன்றும் ஜக்கும் கையில் இருக்கட்டும்.

இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒன்று, ஓடும்போது வள்ளத்துக்குள் யாரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், சாமானைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும் என்று பெரியவர்களும் சொல்வார்கள். ட்ரெய்லர் புரண்டால் உள்ளே இருப்பவர் தப்புவது அரிது. மற்றது, திருப்புவதற்கோ ஒதுங்குவதற்கோ வீதியை விட்டுப் பற்றைக்குள் இறக்க வேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத பகுதியில் மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகை இருக்கும். பலகை விழுந்தும் கிடக்கலாம். வாகனங்கள் வழமையாக ஓடும் தடத்திலேயே நில்லுங்கள். ரயர் மாற்றுவதும் வீதியிலேயே. பின்னால் ஒருவரை நிறுத்தி வாகனங்களுக்குச் சைகை காட்டச் சொல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

வள்ளத்தின் பதிவுச் சான்றிதழ், இயந்திரத்தின் பற்றுச்சீட்டு, பிக்கப்பின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றின் மூலப்பிரதிகளும் நிழற்பிரதிகளும் வேண்டும். இயந்திரத்தின் தொடர் இலக்கத்தைத் தனியே எழுதி வையுங்கள். வள்ளம் வேறு மாவட்டத்துக்குப் போவதால், புறப்பட முன் அங்குள்ள கடற்றொழில் பரிசோதகரைச் சந்தித்துப் பதிவை மாற்றும் முறையைக் கேளுங்கள். ஊருக்கு வந்ததும் இங்குள்ள பரிசோதகரிடமும் அறிவியுங்கள். பதிவில்லாத வள்ளத்துக்கு உதவித் திட்டங்களிலோ இழப்பீட்டிலோ உரிமை கோருவது கடினம்.

வந்து சேர்ந்த பின்

அன்றே கடலுக்குப் போக வேண்டாம். வள்ளத்தைக் கழுவி, ஏராவையும் பின்பலகையையும் நன்றாகப் பாருங்கள். வெடிப்பு உள்ள இடத்தைப் பேனையால் குறியுங்கள். விரலால் அழுத்தும்போது மெதுமெதுவென்று இருந்தால் உள்ளே இழை பிரிந்திருக்கிறது. திருத்திய பிறகே இறக்குங்கள். பிறகு அரை மணி நேரம் ஆழமில்லாத தண்ணீரில் நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஊறுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அவசரப்பட வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கம் வருபவர்களுக்கு வாடைக் காலத்தில் வீதியும் ஈரம், கடலும் கொந்தளிப்பு. அப்போது வள்ளம் வந்து சேர்ந்தாலும் கரையில்தான் கிடக்கும். ஒரு மாதம் பொறுத்து, நல்ல ட்ரெய்லர் கிடைத்த பின் கொண்டு வருவதால் நீங்கள் இழப்பது கொஞ்சம். வள்ளம் வழியில் உடைந்தால் இழப்பது தொழிலையே.