விளக்கின் எதிரே அரை மணி நேரம்

குளிர்கால மனச்சோர்வுக்கு மாத்திரை, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு இணையாகப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை, காலையில் பிரகாசமான விளக்கின் எதிரே அமர்வது. டிசம்பரின் மிகக் குறுகிய நாள்களில் டொரன்டோவில் பகல் 9 மணி நேரத்துக்கும் குறைவு. லண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. ஒஸ்லோவில் 6 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகலில் வளர்ந்துவிட்டு இந்நகரங்களில் குடியேறிய ஈழத்தமிழர்களுக்கு இது பெரிய மாற்றம்.

இலையுதிர் காலத்தில் தலைகாட்டி வசந்தத்தில் தானாக விலகும் இந்நோய், மற்ற மனச்சோர்வுகளிலிருந்து சற்று மாறுபட்டது. பொதுவாக மனச்சோர்வில் தூக்கமும் பசியும் குறையும். இதில் பலருக்கு இரண்டும் கூடுகின்றன. எவ்வளவு தூங்கினாலும் போதாது, சோறு, ரொட்டி, இனிப்பு மீது ஆசை பெருகும், எடை ஏறும், கைகால் கனக்கும். வீட்டார் இதைச் சோம்பல் என்று ஏசுவதுதான் கொடுமை. இது சோம்பல் அல்ல, நோய்.

1980இல் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் லூவியும் சகாக்களும், 2,500 லக்ஸ் வெளிச்சம் மனிதர்களுக்கு இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்குவதையும், 500 லக்ஸ் அப்படிச் செய்யாததையும் காட்டினர். அதைத் தொடர்ந்து, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்கா வந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் குழுவினரும் 1984இல் இந்நோயை விவரித்துப் பெயரிட்டனர். தொடக்க கால நோயாளிகள் நாளுக்குப் பல மணி நேரம் விளக்கடியில் இருக்க வேண்டியிருந்தது. பின்னர் 10,000 லக்ஸ், 30 நிமிடம் என்பது வழக்கமாயிற்று. 2006இல் வெளியான கனடிய ஆய்வில் 96 நோயாளிகளிடம் 8 வாரம் ஒப்பிட்டபோது, இவ்விளக்கு ஃப்ளூவாக்ஸ்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு நிகரான பலன் தந்தது.

விழித்திரையில், பார்ப்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குத் தெரிவிக்கவே முதன்மையாக இயங்கும் செல்கள் உண்டு. நீல ஒளி அவற்றை அதிகம் தூண்டுகிறது. தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உடல் கடிகாரத்துக்குச் செய்தி போவது இவ்வழியாகத்தான். எனவே ஒளி விழ வேண்டிய இடம் கண், தோல் அல்ல. நல்ல விளக்குகளில் புற ஊதாக் கதிர் வடிகட்டப்படுவதால் வைட்டமின் டி இதில் கிடைக்காது.

விளக்கைச் சாப்பாட்டு மேசையில், முகத்திலிருந்து 40 முதல் 60 சென்டிமீட்டர் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி வைப்பார்கள். அதை உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணைத் திறந்தபடி காப்பி குடிக்கலாம், செய்தித்தாள் படிக்கலாம். எழுந்தவுடன், தினமும் ஒரே நேரத்தில் செய்வதே சிறந்தது. மாலையில் உட்கார்ந்தால் உடல் கடிகாரம் பின்தள்ளிப்போய் இரவுத் தூக்கம் கெடலாம்.

பலர் ஏமாறுவது தூரத்தில்தான். அட்டைப்பெட்டியில் 10,000 லக்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எவ்வளவு தொலைவில் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். உள்ளங்கை அளவு விளக்குகள் சில, முகத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் வைத்தால்தான் அந்த அளவைத் தரும். சற்று விலகினாலே வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும். அப்படி ஒன்றை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பலனில்லை என்று கைவிடுவது வீண்.

பலருக்கு ஓரிரு வாரத்தில் மாற்றம் தெரியும். நடுவில் நிறுத்தினால் சோர்வு திரும்பிவிடுவதால் வசந்தம் வரை தொடர்வது வழக்கம். தலைவலி, கண் உறுத்தல், குமட்டல் வந்தால் நேரத்தைக் குறைக்கலாம் அல்லது சற்றுத் தள்ளி அமரலாம்.

இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இவ்வொளி மிகைக் கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். அவர்களும், விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தற்கொலை எண்ணம் எழுந்தால், விளக்கு பலன் தரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.